ஒதுக்குப்புறக் கரையின் வரலாறு: மார்செய்க் கலாங்குகள் பற்றிய ஒரு நோக்கு

பிரான்ஸ் நாட்டின் தென்கரையிலே மத்தியதரைக் கடலை நோக்கி அமைந்துள்ள மார்செய் நகரின் தென்கிழக்கு எல்லையில் லுமினி என்னும் பகுதி உள்ளது. நகரப் பேருந்தின் வழி அங்கே முடிவடைகிறது. பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் கட்டிடங்களைக் கடந்து செல்பவர் முதலில் அகன்றதொரு மண்பாதையிலும், பின்னர் கற்கள் உருளும் ஒற்றையடிப்பாதையிலும் நடத்தல் வேண்டும். வெண்ணிறச் சுண்ணாம்புக்கற் பாறைகளுக்கிடையே பைன் மரங்கள் ஆங்காங்கே வேரூன்றி நிற்கின்றன. சிறியதொரு கணவாயைத் தாண்டியதும் நிலம் திடீரெனக் கீழிறங்குகிறது. செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே நீலமும் பச்சையும் கலந்த கடல்நீர் தெரிகிறது. போர்க்கப்பலொன்றின் வடிவில் நீரினின்றும் எழுந்து நிற்கும் பாறையொன்று அக்குடாவின் அடையாளம். ஏறத்தாழ ஒரு மணி நேர நடையின் பின் அடையப்படும் இச்சிறுகுடாவின் பெயர் சுஜித்தோன். அங்கே விடுதியில்லை, கடையில்லை, வாகனம் செல்லும் வீதியில்லை, குடிப்பதற்கு நன்னீரும் இல்லை.

இத்தகைய கரையைக் காண்பவர் எவர்க்கும் முதலில் தோன்றும் எண்ணம் ஒன்றே. நாகரிகத்தின் கை படாத இடமொன்று எப்படியோ தப்பிப் பிழைத்திருக்கின்றது என்பதே அவ்வெண்ணம். பயண நூல்களும் விளம்பரங்களும் இதனையே பல்வேறு சொற்களிற் கூறுகின்றன. ஆனால் வரலாற்று மாணவன் இக்கூற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளல் இயலாது. மக்கட்டொகை மிகுந்த பெருந்துறைமுக நகரொன்றின் வாயிலில், இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளாக வணிகம் நடந்துவரும் கடலோரத்தில், ஒரு கரை வெறுமையாக இருக்கிறதெனின் அவ்வெறுமைக்கும் காரணங்கள் இருத்தல் வேண்டும். அக்காரணங்கள் யாவை, அவ்வெறுமையினாற் பயன்பெற்றோர் யாவர் என்னும் வினாக்களை எழுப்பி விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மார்செய் நகருக்கும் கசீஸ் என்னும் சிறு துறைமுகப் பட்டினத்திற்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீளத்திற்கு இச்சுண்ணாம்புக்கல் மலைத்தொடர் கடலையொட்டிச் செல்கிறது. இதனை ஊடறுத்து நிற்கும் ஒடுங்கிய குடாக்கள் கலாங்குகள் எனப்படும். சோர்மியு, மோர்ஜியு, சுஜித்தோன், ஆன்வோ, போர்மியு என்பன அவற்றுட் சில. இவை கடல் குடைந்து உண்டாக்கியவை அல்ல. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் நீரோட்டங்கள் சுண்ணாம்புக்கல்லை அரித்து அமைத்த பள்ளத்தாக்குகளே இவை. பின்னர் கடல்மட்டம் உயர்ந்தபோது அவற்றின் கீழ்ப்பகுதிகள் நீரில் அமிழ்ந்தன. எனவே இன்று நாம் குடாவெனக் காண்பது ஒரு பள்ளத்தாக்கின் மேற்பாதி மட்டுமே.

நீரில் அமிழ்ந்த மறுபாதியில் மனிதர் வாழ்ந்தமைக்கு ஐயத்திற்கிடமற்ற சான்று கிடைத்துள்ளது. மோர்ஜியு முனைக்கு அருகே, கடல்மட்டத்திற்குக் கீழ் 37 மீற்றர் ஆழத்தில் வாயில் அமைந்த குகையொன்றினை ஹென்றி கொஸ்கேர் என்னும் சுழியோடி 1985 ஆம் ஆண்டு கண்டறிந்தார். வாயிலிலிருந்து ஏறத்தாழ 175 மீற்றர் நீளமான சுரங்கவழி மேல்நோக்கிச் சென்று, நீர் முழுவதும் நிரம்பாத மண்டபமொன்றை அடைகின்றது. அம்மண்டபத்தின் சுவர்களிலே குதிரை, காட்டெருமை, மலையாடு ஆகியவற்றின் உருவங்களும், கடல்நாய், பெரிய ஓக் என்னும் அழிந்துபோன கடற்பறவை ஆகியவற்றின் உருவங்களும், சாயம் தெளித்துப் பதித்த கைத்தடங்களும் உள்ளன. சுழியோடிகள் மூவர் சுரங்கவழியிற் சிக்கி மாண்ட துயர நிகழ்ச்சியின் பின், 1991 ஆம் ஆண்டிலேயே இக்குகை பற்றிய செய்தி பகிரங்கமாயிற்று. தொடக்கத்தில் ஓவியங்களின் உண்மைத்தன்மை குறித்து அறிஞர் சிலர் ஐயுற்றனர். கரிம ஆய்வு அவ்வையத்தை நீக்கியது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இடைவெளியுள்ள இரு கட்டங்களில் மனிதர் அங்கே வந்து சென்றனர் என்பதும், மிகப் பழைய கட்டம் இருபத்தையாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்பதும் தெளிவாயின.

பனியூழிக் காலத்தின் உச்சத்திற் கடல்மட்டம் இன்றையதிலும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. குகைவாயிலிலிருந்து கடற்கரை பல கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. இன்று சுழியோடிகள் மட்டுமே அணுகக்கூடிய அவ்வாயில், அன்று மேய்ச்சற் சமவெளியை நோக்கித் திறந்த கதவாக இருந்தது. அணுகுதற்கரியது என்னும் பண்பு ஓர் இடத்திற்கு என்றென்றும் உரியதன்று, காலந்தோறும் மாறுவது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. கடல்மட்டம் மேலும் உயர்ந்து ஓவியங்களை அழித்துவரும் இந்நாளில், அக்குகையின் மாதிரியொன்று மார்செய் நகரில் அமைக்கப்பட்டு 2022 ஆம் ஆண்டு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைக்கப்பட்டது.

வரலாற்றுக் காலத்திற்கு வருவோம். ஏறத்தாழ கி.மு. 600 அளவில், ஆசியா மைனரின் ஐயோனியக் கரையிலிருந்த பொக்கேயா நகரக் கிரேக்கர் இங்கு வந்து மசாலியா என்னும் குடியேற்றத்தை நிறுவினர். பழந்தமிழ் இலக்கியங்கள் வழங்கும் யவனர் என்னும் சொல்லுக்கு மூலமான ஐயோனியப் பெயருக்குரிய மக்களே இவர்கள் என்பது நமக்கு ஆர்வமூட்டும் செய்தியாகும். அவர்கள் துறைமுகத்திற்குத் தேர்ந்தது கலாங்குகளையன்று. நன்னீரும், உள்நாட்டிற்குச் செல்லும் வழியும், அலை அடங்கிய ஆழமும் உடைய பெருங்குடாவையே தேர்ந்தனர். கலாங்குகளின் ஒதுக்கநிலை நகரம் தோன்றிய அன்றே தொடங்கிற்று எனலாம். நகரம் இல்லாவிடின் ஒதுக்குப்புறமும் இல்லை.

எனினும் கப்பல்கள் இக்கரையை ஒட்டியே சென்றன. சில மூழ்கவும் செய்தன. கலாங்குகளுக்கு எதிரேயுள்ள ரியு தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கிரான் கொங்லுவே என்னும் பாறைத்தீவின் அடியில், 1952 ஆம் ஆண்டு முதல் ஜாக் கூஸ்தோ குழுவினர் தொல்லியலாளர் பெர்னான் பெனுவாவின் பொறுப்பில் அகழ்வினை நடத்தினர். சுவாசக்கருவியணிந்த சுழியோடிகளைக் கொண்டு நடத்தப்பட்ட முதற்பெரும் கடலடி அகழ்வுகளுள் இது ஒன்றாகும். மதுச் சாடிகளும் கருநிற மெருகிட்ட மட்கலங்களும் ஆயிரக்கணக்கில் மேலே கொணரப்பட்டன. ஒரே கப்பல் எனக் கருதப்பட்டது, உண்மையில் வெவ்வேறு காலத்தில் ஒன்றன்மேலொன்றாக மூழ்கிய இரு கப்பல்கள் என்பது பிற்கால ஆய்வுகளால் வெளிப்பட்டது. மனிதர் தொடாத கரையென்று சொல்லப்படும் இடத்தின் கடலடியில் உரோமர் காலத்து வணிகம் படுத்துறங்கியது.

இடைக்காலம் முதலாகக் கலாங்குகளில் வாழ்வு தேடியவர்கள் எளிய மக்களே. மீன்பிடிப்போர் அக்குடாக்களிற் புயலுக்கு ஒதுங்கினர். வலையுலர்த்தக் குடில்கள் அமைத்தனர். ஆடு மேய்ப்போரும், விறகு வெட்டுவோரும், கரி சுடுவோரும், சுண்ணாம்பு சுடுவோரும் மலைகளிற் பிழைத்தனர். இன்று இயற்கை அழகெனப் போற்றப்படும் வெறும்பாறைச் சரிவுகள் பல, நூற்றாண்டுக்கணக்கான மேய்ச்சலாலும் வெட்டினாலும் தீயினாலும் மண்ணிழந்தவையாகும். மார்செய் மீனவர், தமக்குள் எழும் வழக்குகளைத் தாமே தேர்ந்த நடுவர் மூலம் தீர்க்கும் மன்றமொன்றினைப் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் நடத்தி வந்தனர். எவர் எங்கே எவ்வலையை இடலாம் என்பதை அம்மன்றமே வரையறுத்தது. பழைய தொழிற்குழுக்களின் உரிமைகள் பலவற்றை ஒழித்த பிரெஞ்சுப் புரட்சியுங்கூட, 1790 ஆம் ஆண்டில் இம்மன்றங்கள் தொடர்ந்து இயங்க அனுமதித்தது. ஆகவே குடாக்களும் அவற்றின் நீரும் உரிமையாளரற்ற வெளியாக இருக்கவில்லை. பொதுவுரிமையின் கீழ், ஒழுங்குவிதிகளுக்கு அமைய, பயன்பட்டு வந்தன.

இந்நிலையில் நகரம் இவ்வொதுக்குப்புறத்தை எவ்வாறு நோக்கிற்று? அதனை விளக்கும் முதற் பெருநிகழ்ச்சி 1720 ஆம் ஆண்டுக் கொள்ளைநோயாகும். அவ்வாண்டு மே மாதத்தில் கிரான் செந் அந்துவான் என்னும் கப்பல் கீழைமத்தியதரைத் துறைகளிலிருந்து துணியும் பஞ்சும் ஏற்றி மார்செய் வந்தது. பயணத்தின்போதே அதில் பலர் இறந்திருந்தனர். கோடைச் சந்தைக்குச் சரக்கு வேண்டியிருந்தது. சரக்கிற் பங்குடையோர் நகர நிருவாகத்திலும் இருந்தனர். தடுப்பு விதிகள் தளர்த்தப்பட்டன, சரக்கு இறக்கப்பட்டது. நோய் நகரினுட் பரவத் தொடங்கிய பின்னர், கப்பல் ரியு தீவுக்கூட்டத்தின் ஜார் தீவிற்கு அனுப்பப்பட்டு, செப்ரெம்பர் மாதத்தில் அங்கே எரிக்கப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஏறத்தாழ 90,000 மக்களைக் கொண்ட நகரம் அவர்களுட் பாதியளவினரை இழந்தது. எரிந்த கப்பலின் எச்சங்களைச் சுழியோடிகள் 1978 ஆம் ஆண்டு அவ்விடத்திற் கண்டெடுத்தனர். நகரம் தன்னிடம் வைத்திருக்க விரும்பாததை அனுப்பிவைக்கும் இடமாக இக்கரை கருதப்பட்டமை இங்கே புலனாகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இவ்வழக்கம் ஒரு கொள்கையாகவே உருப்பெற்றது. மார்செய் சவர்க்காரக் கைத்தொழிலுக்குப் பேர்போனது. அதற்கு வேண்டிய சோடாவை உப்பிலிருந்து செயற்கையாகப் பெறும் முறை பரவியபோது, அத்தொழிற்சாலைகளிலிருந்து வெளியான அமிலப்புகை பயிர்களை அழித்தது, நிலவுடைமையாளர் முறையிட்டனர். 1810 ஆம் ஆண்டுச் சட்டம், ஊறு விளைக்கும் தொழிற்சாலைகளை வகைப்படுத்தி, மிகக் கேடானவற்றைக் குடியிருப்புகளிலிருந்து விலக்கி வைக்குமாறு பணித்தது. விளைவு யாதெனில், சோடாத் தொழிற்சாலைகளும் பின்னர் ஈயம் உருக்கும் ஆலைகளும் கலாங்கு மலைத்தொடரின் மேற்கு விளிம்பிற் குடியேறின. லெஸ்கலெற் என்னுமிடத்தில் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த ஈய ஆலை இருபதாம் நூற்றாண்டின் முதற்காற்பகுதி வரை இயங்கிற்று. ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்த தாது அங்கே உருக்கப்பட்டது. புகையைத் தொலைவிற் செலுத்தும்பொருட்டு மலைச்சரிவின்மேற் படுத்தவாறு ஏறிச்செல்லும் நீண்ட புகைபோக்கிகள் கட்டப்பட்டன. அவற்றின் இடிபாடுகள் எஞ்சியுள்ளன. அங்கு உழைத்தோரிற் பலர் இத்தாலியக் குடியேறிகள். ஆலை மூடப்பட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரும் அம்மண்ணில் ஈயமும் ஆர்செனிக்கும் தங்கியிருப்பதை ஆய்வாளர் காட்டியுள்ளனர்.

ஈண்டு ஒரு நுட்பத்தினைக் கவனித்தல் வேண்டும். பொதுமக்களின் நலங்காக்க எழுந்த சட்டமே கலாங்குகளை மாசுபடுத்திற்று. நகரத்தாரைக் காத்த தொலைவு, ஆலையருகே குடியிருந்த தொழிலாளரைக் காக்கவில்லை. தொலைவு என்பது நகர நடுவிலிருந்து அளக்கப்பட்டதேயன்றி அவர்தம் வீட்டுவாயிலிலிருந்து அளக்கப்படவில்லை.

இதே தருக்கம் கழிவுநீர் விடயத்திலும் செயற்பட்டது. 1830களிலும் 1884 ஆம் ஆண்டிலும் வாந்திபேதி மார்செயைத் தாக்கிற்று. பழைய துறைமுகம் கழிவுநீரால் நாறிக்கிடந்தது. எனவே அந்நூற்றாண்டின் இறுதியாண்டுகளிற் பெருங்கழிவுநீர்க் கால்வாய் ஒன்று அமைக்கப்பட்டு, மலைத்தொடரைத் துளைத்துச் சென்று, கோர்த்தியு என்னும் கலாங்கிற் கடலோடு சேர்க்கப்பட்டது. சோர்மியுவுக்கு மேற்கே, சுஜித்தோனிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் உள்ள குடா அது. சுகாதார நோக்கில் இது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் 1987 ஆம் ஆண்டிற் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கும் வரை, ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள், ஒரு மாநகரத்தின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலே அக்குடாவில் வீழ்ந்தது. ஒரே மலைத்தொடர், ஒரே கல், ஒரே கடல். ஒரு குடா சுவர்க்கமெனவும் அயற்குடா சாக்கடையெனவும் ஆயின. இவ்வேறுபாட்டை இயற்கை வகுக்கவில்லை. நகரத்தின் முடிவு வகுத்தது.

கலாங்குகள் அழகியவை என்னும் எண்ணம் எப்போது தோன்றியது? கடற்கரையை விரும்பி நாடும் உணர்வு மேலைநாட்டில் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே வளர்ந்தது என்பதைப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அலென் கோர்பென் 1988 ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில் விரிவாக நிறுவியுள்ளார். மார்செயைப் பொறுத்தவரை இவ்வுணர்வு சமூக இயக்கமாக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலாகும். 1897 ஆம் ஆண்டு மார்செய் நடைப்பயணிகள் சங்கம் நிறுவப்பட்டது. ஞாயிறுதோறும் சங்கத்தினர் கலாங்குகளுக்கு நடந்தனர், பாதைகளுக்கு அடையாளமிட்டனர், வரைபடங்கள் தயாரித்தனர். ஓய்வுநாள் என்னும் உரிமையும், நகரிலிருந்து நடந்தே அடையக்கூடிய மலையும் அவர்க்கு வாய்த்திருந்தன. செல்வர் றிவியேராவின் விடுதிகளை நாடிய அதே காலத்தில், நகரத்து நடுத்தர மக்கள் காசின்றிக் கிடைத்த இப்பாறைகளைத் தமதாக்கிக்கொண்டனர். பின்னாளில் அன்னபூர்ணா மலையேற்றத்திற் பங்குகொண்ட கஸ்தோன் ரெபுபா, 1921 ஆம் ஆண்டு மார்செயிற் பிறந்து கலாங்குப் பாறைகளிலேயே ஏறப் பயின்றவர் என்பது இம்மரபின் விளைவினைக் காட்டும்.

இவர்களுக்கும் கைத்தொழிலுக்கும் மோதல் ஏற்படுவது தவிர்க்கவியலாததாயிற்று. போர்மியு குடாவின் சுண்ணாம்புக்கல், சொல்வே நிறுவனத்தின் சோடா உற்பத்திக்காக வெட்டியெடுக்கப்பட்டு வந்தது. கல்லகழ்வு விரிவடையும் என்ற செய்தி பரவியபோது, 1910 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஏறத்தாழ 3,000 மக்கள் போர்மியுவிற் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். பிரான்சில் இயற்கைக் காட்சியைக் காக்கும்பொருட்டு நடைபெற்ற தொடக்ககாலப் பொதுமக்கள் ஆர்ப்பாட்டங்களுள் இது குறிப்பிடத்தக்கதாகும். இயற்கைக் காட்சிகளைக் காக்கும் முதற் சட்டம் 1906 ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் இயற்றப்பட்டிருந்தது. ஆயினும் சட்டம் தானாக இயங்குவதில்லை; அதனை இயங்கச் செய்ய மக்கள் நடந்து வரவேண்டியிருந்தது. 1923 ஆம் ஆண்டு கலாங்குகளின் பாதுகாப்புக்கெனத் தனிக்குழு அமைக்கப்பட்டது. கல்லகழ்வு உடனே நின்றுவிடவில்லை; 1980களின் தொடக்கம் வரை அது நீடித்தது. எனினும் அது பரவி ஏனைய குடாக்களை விழுங்காமல் தடுக்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போரின் பின் மத்தியதரைக் கரை முழுவதும் பெருமாற்றத்திற்கு உள்ளாயிற்று. சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் மோட்டார் வாகனமும் இலட்சக்கணக்கானோரைக் கடற்கரைக்குக் கொணர்ந்தன. 1963 ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு லாங்டொக் கரையைத் திட்டமிட்டு விருத்திசெய்யத் தனியமைப்பொன்றை உருவாக்கிற்று. சதுப்பும் மணலுமாக இருந்த இடத்தில் லா கிரான் மோத் போன்ற புதிய விடுதி நகரங்கள் எழுந்தன. கலாங்குகளில் அவ்வாறு நிகழாமைக்கு அவற்றின் அழகு மட்டும் காரணமன்று. சுண்ணாம்புக்கல் மழைநீரை உறிஞ்சிவிடுவதால் மேற்பரப்பில் ஆறில்லை. போர்மியுவிற் பாயும் நிலத்தடி ஆறும் உவர்நீராகக் கடலடியிலேயே வெளிப்படுகிறது. மார்செய் நகரே 1849 ஆம் ஆண்டு டியுரான்ஸ் ஆற்றுநீர் கால்வாய் வழியே வந்து சேரும்வரை நீர்ப்பஞ்சத்தில் உழன்றது. சரிவுகளில் வீதியமைப்பது பெருஞ்செலவு. அவற்றோடு, அரை நூற்றாண்டாகக் காவல் நின்ற நடைப்பயணிகளின் குரலும் இருந்தது. புவியியல் தடையும் சமூகத் தடையும் ஒன்றுசேர்ந்தே இக்கரையைக் கட்டிடங்களினின்றும் காத்தன. 1975 ஆம் ஆண்டு மலைத்தொடர் பாதுகாக்கப்பட்ட காட்சிப்பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதேயாண்டிற் கரையோர நிலங்களை வாங்கிப் பாதுகாக்கும் தேசிய நிறுவனமொன்றும் அமைந்தது. 1986 ஆம் ஆண்டுக் கரையோரச் சட்டம், குடியிருப்புகளுக்கு வெளியே கடலிலிருந்து 100 மீற்றர் தூரத்திற்குள் புதிய கட்டிடங்களைப் பொதுவாகத் தடைசெய்தது.

ஆனால் நிலத்தின்மேல் இத்துணைக் காவல் எழுந்த அதே காலத்திலேயே கடலினடியில் வேறொன்று நடைபெற்றது. உள்நாட்டிலுள்ள கார்டான் நகரின் அலுமினா ஆலை, பொக்சைற் தாதிலிருந்து அலுமினாவைப் பிரித்தபின் எஞ்சும் செஞ்சேற்றினைக் குழாய்வழியே மலையுங் காடுங் கடந்து கசீஸ் கரைக்குக் கொண்டுவந்து, கரையிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீற்றர் தொலைவில், 300 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் கசிடேன் என்னும் கடலடிப் பள்ளத்தாக்கில் விட்டது. 1960களின் நடுப்பகுதியில் மீனவரும் கசீஸ் மக்களும் கடலாய்வாளர் அலென் பொம்பாரும் இதனை எதிர்த்துக் கிளர்ந்தனர். எனினும் 1966 இல் அனுமதி வழங்கப்பட்டது. 1967 இல் வெளியேற்றம் தொடங்கிற்று. 2015 ஆம் ஆண்டின் இறுதியிலேயே செஞ்சேறு நிறுத்தப்பட்டது. அதற்குள் இரண்டு கோடித் தொன்னுக்கு மேற்பட்ட சேறு கடலடியிற் படிந்தது. ஆலையிற் பல நூறு குடும்பங்களின் தொழில் தங்கியிருந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று. அனுமதியைக் காத்தவர் எப்போதும் எடுத்துரைத்த நியாயம் அதுவே.

1910 இன் போராட்டம் வெற்றியும் 1960களின் போராட்டம் தோல்வியும் அடைந்தமைக்குக் காரணம் யாது? கல்லகழ்வு கண்ணுக்குத் தெரிந்தது; வெண்பாறையில் அது புண்ணாகத் தோன்றிற்று. செஞ்சேறு எவர் கண்ணுக்கும் தெரியாத ஆழத்தில் வீழ்ந்தது. காட்சியைக் காப்பதற்கென எழுந்த சட்டங்களும் உணர்வும் காட்சிக்குப் புறம்பானதைக் காக்க ஆற்றலற்றவையாயின. அழகுணர்வு தந்த அரசியல் வலிமையும் அதன் எல்லையும் ஒருங்கே இங்கு வெளிப்படுகின்றன.

2012 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கலாங்குகள் பிரான்சின் பத்தாவது தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. அதன் மையப்பகுதியில் ஏறத்தாழ 8,500 ஹெக்ரேயர் நிலமும் 43,500 ஹெக்ரேயர் கடலும் அடங்கின. மக்கள் நெரிசல்மிக்க மாநகரொன்றினை ஒட்டி நிலத்தையும் கடலையும் ஒருங்கே அணைத்து அமைந்த பூங்கா என்ற வகையில் அது தனிச்சிறப்புடையது. ஆனால் செஞ்சேற்றுக் குழாயின் வாய் அப்பூங்காவின் கடலெல்லைக்குள்ளேயே இருந்தது. பிரகடனத்தின் பின்னரும் மூன்றாண்டுகளுக்கு மேலாக அது இயங்கிற்று.

இனிச் சுஜித்தோனுக்கு மீள்வோம். கோடைக்காலத்தின் உச்சநாட்களில் 2,500 பேர்வரை அச்சிறுகுடாவிற் கூடத் தொடங்கினர். அவர்தம் காலடியிற் சரிவுகளின் மெல்லிய மண் உதிர்ந்தது. பைன் மரங்களின் வேர்கள் வெளித்தோன்றின. புதிய கன்றுகள் முளைவிட வாய்ப்பற்றுப்போயின. எனவே 2022 ஆம் ஆண்டுக் கோடையில், உச்ச காலத்தில் நாளொன்றுக்கு 400 பேருக்கு மட்டும், முற்பதிவின் பேரில், கட்டணமின்றி அனுமதி வழங்கும் முறை கொணரப்பட்டது. மண்ணரிப்பின் கடுமையை நோக்குமிடத்து இம்முடிவினைக் குறைகூறுதல் எளிதன்று. 400 என்பது அம்மண் தாங்கக்கூடிய அளவினை ஒட்டியே வகுக்கப்பட்டது.

ஆயினும் இவ்வெண்களை வரலாற்றின் பின்னணியில் வைத்து நோக்குதல் தகும். 1910 இல் இக்கரையைக் காத்தது 3,000 பேர் கொண்ட கூட்டம். 2022 இல் இக்கரைக்கு ஆபத்தாகக் கருதப்பட்டது ஏறத்தாழ அதேயளவு கூட்டம். படகோ தோட்டமோ தனிக்குளமோ இல்லாத நகரத்து இளைஞர்க்குப் பேருந்துக் கட்டணத்திற் கிடைத்த கடல் இது. அவர்தம் காலடிகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன, எண்ணப்படவும் வேண்டும். ஆனால் ஈயப்புகையும் கழிவுநீரும் செஞ்சேறும் பல பத்தாண்டுகளாக இதே கரைக்கு வந்தபோது, அவை நிறுத்தப்படுவதற்கு ஐம்பதும் தொண்ணூறும் ஆண்டுகள் சென்றன. நடந்து வருபவரைத் தடுக்க ஒரு கோடை போதுமானதாயிற்று. பாதுகாப்பு என்பது வலியோர்க்கு மெதுவாகவும் எளியோர்க்கு விரைவாகவும் செயற்படுமாயின், அதன் அறநெறி அடிப்படை வினாவிற்குரியதாகின்றது. பூங்கா வேண்டாமென்பது இதன் பொருளன்று. எண்ணும் கை காலடிகளை எண்ணுவதோடு நின்றுவிடாது குழாய்களையும் எண்ணுதல் வேண்டும் என்பதே பொருள்.

மேற்கூறியவற்றால், ஒதுக்குப்புறம் என்பது இயற்கை தந்த நிலையான பண்பன்று என்பது தெளிவாகும். நகரம் தன் தேவைக்கேற்ப அதனை உண்டாக்கிற்று. ஒரு காலத்தில் நோய்க்கப்பலை எரிக்கவும், பின்னர் நச்சுப்புகையை விடவும், பின்னர் ஞாயிறு ஓய்வுக்கும் அதனைப் பயன்படுத்திற்று. மாசு கொட்டப்பட்டதும் அழகு நாடப்பட்டதும் ஒரே காரணத்தினாலாகும்: அவ்விடம் தொலைவில் இருந்தது. கணவாயின்மேல் நின்று சுஜித்தோனின் நீலநீரை நோக்குபவர் அதன் அழகில் மகிழ்தல் இயல்பே, அம்மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் மேற்கே மலைக்கு அப்பால் கோர்த்தியுவும், கிழக்கே கடலடியிற் செஞ்சேறும், காலடியில் நீரில் மூழ்கிய பள்ளத்தாக்கும் உள்ளன என்பதை அறிந்து நோக்குபவர், அக்கரை வெறுமையாக இருப்பதற்கு யார் யார் உழைத்தனர், யார் யார் விலை கொடுத்தனர் என்பதையும் சேர்த்தே காண்பார். அவ்வாறு காண்பதற்கே வரலாற்றுக் கல்வி நமக்குத் துணைபுரிகின்றது.